பழைய பிக்கப் வண்டிக்குப் புதிய பிரேக்

ஒரு வண்டியைப் பார்த்தவுடன் "இது எவ்வளவு வேகம் போகும்?" என்று கேட்பவர்கள் பலர். "இது எவ்வளவு தூரத்தில் நிற்கும்?" என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் உயிரைக் காப்பது இரண்டாவது கேள்விதான். பழைய வண்டி ஒன்றின் பிரேக்கைக் குறைந்த செலவில் மேம்படுத்துவது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம். நீங்கள் பள்ளியில் படித்த பாஸ்கல் விதி, உராய்வு, நெம்புகோல், வளிமண்டல அழுத்தம், வெப்ப விரிவு ஆகிய ஐந்தும் இங்கே ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்வதைப் பார்ப்பீர்கள்.

அமெரிக்காவில் பிக்கப் டிரக் என்பது மிகவும் பழக்கமான வண்டி. முன்னால் ஓட்டுநர் அறை, பின்னால் திறந்த சரக்குத் தொட்டி. அத்தகைய வண்டிகளுள் புகழ்பெற்றது செவ்ரலே சி-10. 1967 முதல் 1972 வரை வெளிவந்த சி-10 வண்டிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் அவற்றுக்குள் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. 1970 வரை வந்தவற்றில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான் இருந்தது. 1971 முதல் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்துவிட்டது.

தாத்தா ஓட்டிய 1968-ஆம் ஆண்டு வண்டி ஓர் இளைஞனுக்குக் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி நன்றாக ஓடுகிறது. ஆனால் இன்றைய நெடுஞ்சாலையில் முன்னால் போகும் கார் சட்டென்று நின்றால், இது அப்படி நிற்பதில்லை. அவனிடம் பணமும் அதிகம் இல்லை. அவன் எதை மாற்ற வேண்டும்? எதை அப்படியே விட்டுவிடலாம்? எதில் சிக்கனம் செய்யவே கூடாது?

பிரேக் என்பது ஒரு வெப்ப இயந்திரமே

ஓடும் வண்டிக்கு இயக்க ஆற்றல் உண்டு. வண்டி நிற்க வேண்டுமானால் அந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். பிரேக் அதை உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றுகிறது.

நம் வண்டி ஆட்களுடனும் சிறு சுமையுடனும் 2,000 கிலோகிராம் என்று கொள்வோம். வேகம் மணிக்கு 90 கி.மீ.; அதாவது வினாடிக்கு 25 மீட்டர். நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்குங்கள். 1,000 × 625 = 6,25,000 ஜூல். இது எவ்வளவு வெப்பம் தெரியுமா? இரண்டு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது! ஒருமுறை வண்டியை நிறுத்துவது, அடுப்பில் இரண்டு லிட்டர் தண்ணீரைக் காய்ச்சுவதற்குச் சமம். அதுவும் நான்கைந்து வினாடிகளில்!

மலைப்பாதையில் நிலைமை இன்னும் கடுமை. இதே வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறத்தாழ 98 லட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படும். இது மேற்கூறியபடி பதினைந்து, பதினாறு முறை நிறுத்துவதற்கு ஒப்பாகும். இதில் ஒரு பகுதியை என்ஜினும் காற்றின் தடையும் ஏற்றுக்கொள்ளும். மீதியைப் பிரேக்தான் தாங்க வேண்டும்.

டிரம்மின் நிறையும் குறையும்

டிரம் பிரேக் என்பது சக்கரத்தோடு சுழலும் ஓர் இரும்புப் பானை போன்றது. அதன் உள்ளே பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் உள்ளன. பிரேக்கை அழுத்தினால் அவை வெளிநோக்கி விரிந்து டிரம்மின் உட்சுவரை உரசுகின்றன.

இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. சுழலும் டிரம், தன்னை உரசும் ஷூவையும் உடன் இழுக்கிறது. அந்த இழுப்பு ஷூவை டிரம்மின் மேல் இன்னும் அழுத்தமாகப் பதியவைக்கிறது. இதைத் தன்னூக்கம் என்று சொல்லலாம். கால் கொடுத்த விசை கொஞ்சம்; சுழற்சி தானே சேர்த்துக் கொடுப்பது அதிகம். அதனால்தான் அந்தக் கால வண்டிகளைப் பூஸ்டர் இல்லாமலே நிறுத்த முடிந்தது.

ஆனால் டிரம்முக்கு வெப்பம் பகை. 28 செ.மீ. விட்டமுள்ள டிரம் 250 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் முக்கால் மில்லிமீட்டர் விரிகிறது. எந்தப் பக்கம் விரிகிறது? ஷூவை விட்டு விலகும் பக்கம்! ஆகவே பெடல் மேலும் மேலும் கீழே இறங்குகிறது. ஷூவின் உராய்வுப் பட்டையும் சூட்டில் பிடிப்பை இழக்கிறது. மூடிய பானைக்குள் காற்று புகுந்து ஆற்றவும் வழியில்லை. மலை இறக்கத்தில், மிகவும் தேவையான நேரத்தில், பிரேக் கைவிடுவது இதனால்தான். மேலும், தண்ணீரில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் புகுந்த நீர் எளிதில் வெளியேறாது. இரு பக்கமும் சமமாக உலராவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

டிஸ்க் பிரேக் இதற்கு நேர்மாறானது. இங்கே சக்கரத்தோடு சுழல்வது ஒரு தட்டையான இரும்பு வட்டு. காலிப்பர் என்னும் கவ்வி அதை இரு பக்கமும் பேடுகளால் பிடிக்கிறது. உங்கள் சைக்கிளில் ரப்பர் கட்டைகள் சக்கர விளிம்பைப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதே முறைதான். வட்டு வெளிக்காற்றில் சுழல்வதால் விரைவில் ஆறுகிறது. தண்ணீர் பட்டால் சுழற்சியில் சிதறிவிடுகிறது. சூடேறித் தடித்தாலும் அது பேடுகளை நோக்கித்தான் தடிக்கிறது, விலகிப் போவதில்லை.

இது புதிய கருத்தன்று. இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1902-ஆம் ஆண்டிலேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் உலகம் அதன் அருமையை உணர அரை நூற்றாண்டு ஆயிற்று. 1953-இல் பிரான்சின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்றது. அதன் பிறகே இம்முறை வேகமாகப் பரவியது.

காலின் விசை பெருகும் கதை

பெடலுக்கும் சக்கரத்துக்கும் இடையே இருப்பது ஒரு திரவம். திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லா இடங்களுக்கும் குறையாமல் பரவும் என்பது பாஸ்கல் விதி. அதை இப்போது எண்களால் சோதிப்போம்.

ஓட்டுநர் 30 கிலோ எடைக்குச் சமமான விசையால் பெடலை அழுத்துகிறார். பெடல் ஒரு நெம்புகோல். அது விசையை ஆறு மடங்காக்கி 180 கிலோவாக மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்குத் தருகிறது. அந்தப் பிஸ்டனின் பரப்பு 6.4 சதுர செ.மீ. எனவே அழுத்தம் சதுர செ.மீ.க்கு 28 கிலோ. இந்த அழுத்தம் குழாய் வழியே காலிப்பரை அடைகிறது. அங்குள்ள பிஸ்டனின் விட்டம் ஏறத்தாழ 7.5 செ.மீ.; பரப்பு 43.7 சதுர செ.மீ. ஆகவே பேடின் மேல் விழும் விசை 28 × 43.7, அதாவது ஏறத்தாழ 1,220 கிலோ!

30 கிலோ 1,220 கிலோவானது எப்படி? இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. விசை பெருகினால் நகரும் தூரம் குறைய வேண்டும். இரு காலிப்பர் பிஸ்டன்களும் 0.3 மி.மீ. நகர 2.6 கன செ.மீ. திரவம் தேவை. அதை அனுப்ப மாஸ்டர் பிஸ்டன் 4 மி.மீ. நகர வேண்டும். அதற்குப் பெடல் ஏறத்தாழ 25 மி.மீ. இறங்க வேண்டும். காலின் 25 மி.மீ. நகர்ச்சி, பேடில் 0.3 மி.மீ. ஆகிவிட்டது. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பூஸ்டர் எதற்கு?

1,220 கிலோ போதாதா என்று கேட்கலாம். டிரம்முக்குப் போதும். ஏனெனில் அங்கே தன்னூக்கம் உண்டு. டிஸ்க்கில் அந்த இலவச உதவி கிடையாது. பேடு எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவே பிடிப்பு. கனமான வண்டியை விரைந்து நிறுத்த இன்னும் அதிக விசை தேவை. ஆகவே வெளியிலிருந்து ஓர் உதவியாளரை அழைக்கிறோம். அந்த உதவியாளர் நம்மைச் சுற்றியுள்ள காற்றுதான்!

பூஸ்டர் என்பது ஒரு வட்டமான தகர டப்பா. அதன் நடுவே ரப்பர் சவ்வு ஒன்று இரு அறைகளைப் பிரிக்கிறது. பெட்ரோல் என்ஜின் காற்றை உறிஞ்சும் குழாயிலிருந்து ஒரு குழாய் இதற்கு வருகிறது. எனவே இரு அறைகளிலும் காற்று குறைந்திருக்கும். பெடலை அழுத்தியவுடன் ஒரு வால்வு ஓட்டுநர் பக்கத்து அறையில் மட்டும் வெளிக்காற்றை விடுகிறது. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் பகுதி வெற்றிடம். சவ்வு முன்னே தள்ளப்படுகிறது.

சவ்வின் விட்டம் 28 செ.மீ. என்று கொண்டால் பரப்பு 22/7 × 14 × 14 = 616 சதுர செ.மீ. இரு அறைகளின் அழுத்த வேறுபாடு சதுர செ.மீ.க்கு 0.65 கிலோ என்றால், காற்று தரக்கூடிய மொத்த விசை 400 கிலோ! பெடலை எவ்வளவு அழுத்துகிறோமோ அதற்கேற்ப வால்வு இதை அளந்து தருகிறது.

பூஸ்டர் வைத்த வண்டிகளில் பெடலின் நெம்புகோல் விகிதத்தையும் ஏறத்தாழ நான்காகக் குறைப்பார்கள். 30 கிலோ 120 கிலோவாகும். அத்துடன் காற்று 240 கிலோ சேர்த்தால் மொத்தம் 360. முன்பு கிடைத்ததைப் போல் இரு மடங்கு. பழைய ஆறு மடங்குப் பெடலை அப்படியே வைத்துப் பூஸ்டரைப் பொருத்தினால், கால் பட்டதும் பிரேக் வெடுக்கென்று பிடிக்கும். வழுக்கும் சாலையில் இது ஆபத்து.

சிக்கனமான வழி

இப்போது நம் இளைஞனிடம் வருவோம். புதிதாக எல்லாவற்றையும் வாங்கினால் செலவு அதிகம். ஆனால் தயாரித்த நிறுவனமே 1971, 1972-ஆம் ஆண்டுகளில் இதே குடும்ப வண்டிக்கு டிஸ்க் பிரேக் பொருத்தியிருக்கிறது அல்லவா? ஆகவே பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடங்களில் அந்த ஆண்டு வண்டியின் முன்பகுதியைத் தேடலாம். சக்கரத்தைத் தாங்கும் அச்சுமுனை, ஹப், காலிப்பர், தாங்குசட்டம், பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர், வால்வு எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுப்பதே நல்லது. அவை ஒன்றுக்கொன்று பொருந்துமாறு பொறியியலாளர்கள் ஏற்கெனவே கணக்கிட்டு வைத்தவை.

பின் சக்கரங்களின் டிரம்மை மாற்ற வேண்டியதில்லை. இதுவே பெரிய சிக்கனம். ஏன்? பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. நம் வண்டியில், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.7 மீட்டர் உயரத்திலும், சக்கர இடைவெளி 2.9 மீட்டராகவும் இருந்தால், பலமாகப் பிரேக் பிடிக்கையில் ஏறத்தாழ 340 கிலோ பின்னாலிருந்து முன்னால் மாறுகிறது. எனவே உழைப்பின் பெரும்பங்கு முன் பிரேக்குகளுடையதே. காலித் தொட்டியுடன் ஓடும் பிக்கப்பில் பின்பக்கம் மேலும் இலேசாகிவிடும்.

ஒரு மறைமுகச் செலவையும் சொல்ல வேண்டும். 1970 வரை வந்த சி-10 வண்டிகளில் சக்கரத்துக்கு ஆறு போல்ட். 1971 முதல் ஐந்து. முன்னால் ஐந்து, பின்னால் ஆறு என்று ஆகிவிட்டால் ஒரே மாற்றுச் சக்கரம் இரண்டுக்கும் உதவாது. இதை முதலிலேயே கணக்கில் சேர்ப்பவனே உண்மையில் சிக்கனமானவன். காலிப்பர் இடிக்காதபடி ரிம் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எதில் சிக்கனம் கூடாது?

பழைய வார்ப்பிரும்புப் பாகங்களைச் சுத்தம் செய்து பயன்படுத்தலாம். ஆனால் ரப்பர் குழாய்கள், ரப்பர் சீல்கள், பேடுகள், பிரேக் திரவம் ஆகியவை புதியவையாகவே இருக்க வேண்டும். வட்டு தேய்ந்திருந்தால், அதன் மேல் பொறித்துள்ள குறைந்தபட்சத் தடிப்புக்குக் கீழே போயிருக்கக் கூடாது.

பலர் செய்யும் தவறு மாஸ்டர் சிலிண்டரில்தான். "பழையது நன்றாகத்தானே இருக்கிறது" என்று அதையே விட்டுவிடுகிறார்கள். என்ன ஆகும் பாருங்கள். டிரம் பிரேக்கின் குழாயில் எப்போதும் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 0.7 கிலோ அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் சிறு வால்வு ஒன்று பழைய சிலிண்டர்களில் உண்டு. டிரம்மில் இது தேவையானது. வலுவான சுருள்வில்கள் ஷூவைத் திரும்ப இழுத்துவிடும். ஆனால் டிஸ்க்கில் அத்தகைய வில் இல்லை. 0.7 × 43.7 = 30 கிலோ விசை ஓய்வே இல்லாமல் பேடை அழுத்திக்கொண்டிருக்கும்! கால் எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடும். வட்டு பழுக்கக் காயும்.

இன்னொன்று, பேடு தேயத் தேயக் காலிப்பர் பிஸ்டன் வெளியே நகர்ந்து அங்கேயே நின்றுவிடுகிறது. பின்னால் காலியான இடத்தைத் திரவம் நிரப்ப வேண்டும். பிஸ்டன் 8 மி.மீ. வெளியே வந்தால் இரு சக்கரங்களுக்கும் சேர்த்து 70 கன செ.மீ. திரவம் போய்விடும். டிரம்முக்கான சிறிய தொட்டி இதற்குப் போதாது.

பின்பக்கக் குழாயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வும் தேவை. இல்லாவிட்டால் முன்சக்கரங்கள் உருண்டுகொண்டிருக்கும்போதே இலேசான பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். வண்டியின் வால் சுழன்று முன்னால் வந்துவிடும்.

1967-க்கு முந்தைய சி-10 என்றால் இன்னொரு எச்சரிக்கை. அவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவ வழிதான். ஒரு குழாய் உடைந்தால் நான்கும் போயிற்று. 1967 முதல் முன்னும் பின்னும் தனித்தனி வழி வந்தது. கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால், இத்தகைய வண்டிக்கு முதலில் மாற்ற வேண்டியது டிஸ்க் அன்று. இரட்டை மாஸ்டர் சிலிண்டரே.

ஒரு குமிழியின் விளைவு

எல்லாம் பொருத்தியாயிற்று. ஆனால் பெடல் தரைவரை இறங்குகிறது! காரணம் என்ன? குழாய்க்குள் காற்று. திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான 3 கன செ.மீ. காற்று உள்ளே இருந்தால், அழுத்தும்போது அது ஏறத்தாழ இல்லாமலே ஆகிவிடும். அந்த இடத்தை நிரப்பப் பெடல் இன்னும் 28 மி.மீ. வீணாக இறங்க வேண்டும். முன்பு கண்ட 25 மி.மீ. கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காற்றை வெளியேற்றக் காலிப்பரில் ஒரு சிறு திருகு உண்டு. அது எப்போதும் மேற்பக்கம் இருக்க வேண்டும். இடப்புறக் காலிப்பரை வலப்புறம் மாற்றிப் பொருத்திவிட்டால் திருகு கீழே போய்விடும். குமிழி மேலேயே தங்கும். நாள் முழுதும் திரவத்தை ஊற்றினாலும் காற்று வெளியேறாது. பல மணி நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தவர்கள் இறுதியில் கண்டுபிடித்த தவறு பெரும்பாலும் இதுவே!

பிரேக் திரவத்தைப் பலர் ஆயில் என்பார்கள். வழக்கமாகப் பயன்படும் கிளைக்கால் வகைத் திரவம் எண்ணெய் அன்று. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட்-3 என்னும் வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. திரவம் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவியும் அமுங்கும். ஆகவே திறந்து வைத்த பழைய திரவத்தை ஊற்றுவது, குமிழியை விலை கொடுத்து வாங்குவதாகும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஊசி இல்லாத இரண்டு பிளாஸ்டிக் சிரிஞ்சுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 5 மி.லி., மற்றது 20 மி.லி. இரண்டையும் தண்ணீர் நிரம்பிய மெல்லிய குழாயால் இணையுங்கள். உள்ளே காற்று இருக்கக் கூடாது. சிறியதை நீங்கள் அழுத்துங்கள். பெரியதை உங்கள் நண்பர் அழுத்தட்டும். நண்பர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் நீங்கள் எளிதில் வெல்வீர்கள். பிறகு வேண்டுமென்றே 2 மி.லி. காற்றை உள்ளே விட்டு மீண்டும் முயலுங்கள். கையில் பஞ்சை அழுத்துவது போன்ற உணர்வு தெரியும். பிரேக்கில் காற்று இருக்கும்போது ஓட்டுநரின் காலுக்குத் தெரிவது அதே உணர்வுதான்.

பூஸ்டர் வேலை செய்கிறதா என்பதை அறியவும் எளிய வழி உண்டு. நின்றிருக்கும் வண்டியில் என்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலை நாலைந்து முறை அழுத்தினால் தேங்கிய வெற்றிடம் தீர்ந்து பெடல் கெட்டியாகும். பிறகு பெடலை அழுத்தியபடியே என்ஜினை இயக்கினால் அது சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் காற்று தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். பெரியவர் ஒருவர் வண்டியில் இருக்கும்போது இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிரேக் வேலையை அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரின் மேற்பார்வை இல்லாமல் செய்யக் கூடாது. முடிந்த பின்னும் முதலில் காலியான இடத்தில், நடை வேகத்தில் சோதிக்க வேண்டும். நம் இளைஞன் அப்படியே செய்தால், தாத்தாவின் வண்டி இன்னும் பல ஆண்டுகள் ஓடும். ஓடுவதைவிட முக்கியம், நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும்.

சிந்தித்து விடை காண்க

1. நம் வண்டி மணிக்கு 30 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால், அந்த வெப்பம் எவ்வளவு தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும்?

2. பூஸ்டர் சவ்வின் விட்டம் 21 செ.மீ. மட்டுமே என்றால் காற்று தரும் விசை எவ்வளவு?

3. காலிப்பர் பிஸ்டனின் விட்டத்தை இரு மடங்காக்கினால் விசை எத்தனை மடங்காகும்? அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன?

விடைகள்: 1. வேகம் மூன்றில் ஒரு பங்கு. ஆற்றல் ஒன்பதில் ஒரு பங்கு. ஆகவே ஏறத்தாழ 220 மி.லி. 2. ஏறத்தாழ 225 கிலோ. 3. விசை நான்கு மடங்கு. தேவைப்படும் திரவமும் நான்கு மடங்கு. பெடலும் அந்த அளவுக்கு அதிகமாக இறங்க வேண்டும்.